பழைய மோட்டாரைத் தூக்கும் முன்: பம்புசெட் மாற்றுத் திட்டத்தில் மின்சேமிப்பைக் கணக்கிடும் முறை

விவசாய பம்புசெட்டுகளை மாற்றிக் கொடுக்கும் அரசுத் திட்டத்தில் கணக்குப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தால் கையில் முதலில் வருவது ஒரு பட்டியல்: சர்வீஸ் எண், ஊர், கிணறா போரா, அனுமதிக்கப்பட்ட எச்.பி. இதை வைத்து வருஷத்துக்கு எத்தனை யூனிட் மிச்சம் என்று கேட்பார்கள். பட்டியலை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் கரண்ட் இலவசம். பெரும்பாலான பம்புசெட் இணைப்புகளில் மீட்டரே கிடையாது. போன வருஷத்து பில், இந்த வருஷத்து பில் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எதுவும் இல்லை. நீங்கள் கிணற்றடியில் அளப்பதுதான் கணக்கு. பழைய மோட்டார் கிணற்றை விட்டு மேலே வந்து லாரியில் ஏறிவிட்டால் பாதிக் கணக்கு அதோடு போய்விடும். திரும்ப இறக்கி ஓட்டிப் பார்க்க எந்த விவசாயியும் சம்மதிக்க மாட்டார். ஆகவே மாற்றும் தேதியை ஒப்பந்ததாரரிடம் கேட்டு வாங்கி, அதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் அளவெடுக்கும் ஆளை அனுப்புவதுதான் இந்த வேலையில் முதல் படி.

எத்தனை கிணற்றில் அளப்பது

எல்லா மோட்டாரையும் அளக்க முடியாது, தேவையும் இல்லை. 90 சதவீத நம்பகத்தோடு 10 சதவீதப் பிழைக்குள் இருக்க வேண்டும், மோட்டாருக்கு மோட்டார் வித்தியாசத்தின் மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தது) 0.5 என்று எடுத்துக்கொண்டால், 90 சதவீத நம்பகத்துக்கு உரிய 1.645-ஐ 0.5-ஆல் பெருக்கி 0.1-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 68 வரும். மொத்தம் 800 பம்புகள்தான் என்றால் அது 63 ஆகக் குறையும். மோட்டார் எரிந்தது, கிணறு வற்றியது, ஆள் ஊரில் இல்லை என்று சில கைவிட்டுப் போகும். 10, 15 சதவீதம் கூடுதலாகக் குலுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குலுக்குவதற்கு முன் பட்டியலைப் பிரியுங்கள்: கிணற்று மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக, தண்ணீருக்கு வெளியே இருப்பது), கிணற்று நீர்மூழ்கி, போர் நீர்மூழ்கி என்று மூன்று, அதற்குள் 5 எச்.பி. வரை, அதற்கு மேல் என்று இரண்டு. இந்த ஆறு வகையும் ஒன்றுபோல நடந்துகொள்ளாது. குலுக்கி வந்த கிணற்றுக்கு வண்டி போகாது என்பதற்காக ரோட்டோரக் கிணற்றை மாற்றி எடுக்க அனுமதிக்காதீர்கள். ரோட்டோரம் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கும், வோல்டேஜ் நன்றாக இருக்கும். லைனின் கடைசியில் மூன்று ஃபேஸுக்கு 340, 350 வோல்ட் மட்டும் வரும் கிணறுகள் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

கிணற்றடியில்

போன உடனே கருவியை எடுக்காதீர்கள். கொங்கு நாட்டில் 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் போராடிய நினைவு இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கிணற்றடியில் கருவியோடு ஆள் நின்றால் மீட்டர் மாட்ட வந்ததாகத்தான் தெரியும். "மீட்டர் மாட்ட வரலீங்க. எத்தனை தண்ணி வருது, எத்தனை கரண்ட் இழுக்குதுன்னு பார்த்துட்டுப் போயிருவோமுங்க" என்று நேராகச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். 5 எச்.பி. அனுமதிக்கு 7.5 ஓடுவதைக் கண்டால் அது உங்கள் கணக்குக்கான தகவல், மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கான புகார் அல்ல. ஒரு கிணற்றில் நோட்டீஸ் போனால் அந்த ஊரில் அடுத்த கேட் உங்களுக்குத் திறக்காது. இதைத் திட்ட அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

எடுத்துப் போக வேண்டியவை: மூன்று ஃபேஸ் கிலோவாட்டை நேரடியாகக் காட்டும் கிளாம்ப் பவர் மீட்டர், நீர்மட்டம் பார்க்கும் கருவி, பிரஷர் கேஜ், 200 லிட்டர் டிரம், ஸ்டாப்வாட்ச், டேப். மீயொலி நீரோட்ட மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

மோட்டாரைப் போட்டு 20, 30 நிமிடம் ஓட விடுங்கள். ஆரம்பத்தில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். அப்போது எடுக்கும் எந்த அளவும் நிலையானதல்ல. மட்டம் நின்றதும் தண்ணீர், கரண்ட், மட்டம் மூன்றையும் ஒரே சமயத்தில் குறிக்க வேண்டும். ஒருவர் டிரம்மில் நிற்க, இன்னொருவர் ஸ்டார்ட்டர் பெட்டியில் நிற்க வேண்டும். ஆகவே இரண்டு பேர் இல்லாமல் போகாதீர்கள்.

டிரம் எளிய கருவிதான், ஆனால் வரம்பு உண்டு. விநாடிக்கு 4 லிட்டர் வந்தால் நிரம்ப 50 விநாடி ஆகும். ஸ்டாப்வாட்ச்சில் ஒரு விநாடி தவறினால் 2 சதவீதம்தான் பிழை. விநாடிக்கு 10 லிட்டர் வந்தால் 20 விநாடியில் நிரம்பிவிடும், அதே ஒரு விநாடித் தவறு 5 சதவீதப் பிழையாகிவிடும். அங்கே தொட்டி இருந்தால் நீள அகலத்தை அளந்து, மட்டம் எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று பாருங்கள். எந்த முறையானாலும் மூன்று முறை. மீயொலி மீட்டரைப் பைப்பின் நேரான பகுதியில்தான் பிடிக்க வேண்டும்: வளைவுக்குப் பின் பைப் விட்டத்தைப் போல 10 மடங்கு, அடுத்த வளைவுக்கு முன் 5 மடங்கு நேராக இருக்க வேண்டும். போர் காற்றோடு சேர்த்து இழுத்தால் மீட்டரில் எண் தத்தளிக்கும். அந்த இடத்தில் டிரம்மே மேல்.

அதிகம் தவறு நடப்பது கரண்டில். டாங் டெஸ்டரில் (வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் கருவி) ஆம்பியரை மட்டும் பார்த்துவிட்டு, பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான கிலோவாட்டின் பங்கு) 0.85 என்று போட்டுக் கணக்கிடுவது பழக்கமாகிவிட்டது. ஒரு 5 எச்.பி. கிணற்று மோட்டார், 370 வோல்ட்டில் 9.5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.85 போட்டால் 5.18 கிலோவாட். கண்டன்சர் செத்துப்போன பழைய மோட்டாரில் உண்மையான பவர் ஃபேக்டர் 0.68 ஆக இருந்தால் 4.14 கிலோவாட்தான். பழைய மோட்டாரின் செலவை 25 சதவீதம் கூட்டி எழுதிவிட்டீர்கள். அது முழுக்க இல்லாத சேமிப்பாக அறிக்கையில் ஏறும். கிலோவாட்டை நேரடியாக அளக்காத ஷீட்டை ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்புங்கள். மூன்று ஃபேஸில் ஒன்று இல்லாமல், கண்டன்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டும்போதும் அளக்காதீர்கள். ஆனால் இங்கே அப்படி ஓட்டுவார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓட்டும் மணி நேரக் கணக்கில் அது திரும்ப வரும்.

ஹெட், அதாவது பம்பு தண்ணீரைத் தூக்க வேண்டிய மொத்த உயரம், என்பது ஓடும்போது இருக்கும் நீர்மட்ட ஆழம், பிரஷர் கேஜ் காட்டும் அழுத்தம், பைப்பில் போகும் உராய்வு மூன்றின் கூட்டு. ஒரு கிலோ அழுத்தத்துக்கு 10 மீட்டர். சொட்டுநீர் போட்ட தோட்டத்தில் கேஜை மறந்தால் பத்துப் பதினைந்து மீட்டர் காணாமல் போகும்.

ஒரே மோட்டாருக்கு இரண்டு சேமிப்பு

மேலே சொன்ன 4.14 கிலோவாட் மோட்டார் 30 மீட்டர் ஹெட்டில் விநாடிக்கு 4 லிட்டர் தருகிறது. லிட்டரை மீட்டரால் பெருக்கி, அதை 9.81-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போன சக்தி 1.18 கிலோவாட். அதை 4.14-ஆல் வகுத்தால் திறன் 28 சதவீதம். புதியதை இறக்கிய பின் 3.1 கிலோவாட்டில் 4.6 லிட்டர் வருகிறது, நீர்மட்டம் அரை மீட்டர் கீழே போயிருக்கிறது. திறன் 44 சதவீதம்.

இப்போது எத்தனை மிச்சம்? ஒரு கன மீட்டர் தண்ணீருக்குப் பழையது 0.288 யூனிட், புதியது 0.187 யூனிட். மிச்சம் 35 சதவீதம். கிலோவாட்டை மட்டும் பார்த்தால் 4.14-லிருந்து 3.1, மிச்சம் 25 சதவீதம். இரண்டும் சரியான கணக்குதான், ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் அல்ல.

தண்ணீர் போதும் என்று விவசாயி மோட்டாரை நிறுத்தினால் 35 உண்மை. மூன்று ஃபேஸ் வரும் நேரம் முழுக்க ஆட்டோ ஸ்டார்ட்டரில் மோட்டார் தானாக ஓடினால் 25தான் உண்மை. மீதி கூடுதல் தண்ணீராக வயலுக்குப் போய்விட்டது. வருஷத்துக்கு 1,200 மணி நேரம் என்று வைத்தால், முதல் கணக்கில் 1,733 யூனிட், இரண்டாவதில் 1,248 யூனிட். மாற்றும் செலவு 40,000 ரூபாய், ஆயுள் 10 வருஷம், வட்டி 8 சதவீதம் என்று உதாரணத்துக்கு எடுத்தால், மிச்சப்படுத்தும் ஒரு யூனிட்டுக்கு ஒன்றில் 3.44 ரூபாய், மற்றதில் 4.78 ரூபாய். திட்டம் நிற்குமா விழுமா என்பதே இந்த இடத்தில் தீர்மானமாகலாம். மின்வாரியத்துக்கும் மானியக் கணக்குக்கும் போகும் அறிக்கையில், அளந்து நிரூபிக்காதவரை கிலோவாட் வித்தியாசத்தையே முதன்மை எண்ணாகக் கொடுங்கள். 35-ஐப் பக்கத்தில் காட்டுங்கள், தலைப்பில் போடாதீர்கள். நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும் ஒன்றியங்களில் கூடுதல் தண்ணீரை எடுத்தது சேமிப்பே அல்ல. அடுத்த கோடையில் ஹெட் கூடி, மிச்சம் பிடித்த யூனிட்டைக் கிணறே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

எது உண்மை என்று அறிய, மாதிரிக் கிணறுகளில் பாதியிலாவது ஓடும் நேரத்தைப் பதிவு செய்யும் சிறிய லாகரை ஸ்டார்ட்டர் பெட்டியில் மாட்டி, ஒரு முழுப் பருவம் விட்டுவையுங்கள். துணைமின் நிலையத்தின் மூன்று ஃபேஸ் நேரப் பதிவேடு மட்டும் போதாது. கண்டன்சர் போட்டு ஓட்டும் நேரம் அதில் வராது. விவசாயியிடம் கேட்பதானால் வருஷத்துக்கு எத்தனை மணி என்று கேட்காதீர்கள், யாராலும் சொல்ல முடியாது. என்ன பயிர், எத்தனை ஏக்கர், எத்தனை நாளைக்கு ஒரு தண்ணி, ஒரு தண்ணிக்கு எத்தனை மணி என்று கேளுங்கள். பெருக்கிக்கொள்ளலாம்.

முன்னும் பின்னும் அளக்கும் நாள் தள்ளிப் போனால் கணக்கு குழம்பும். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் பழையதை அளந்து, மே மாதத்தில் புதியதை அளந்தால் இரண்டும் வேறு வேறு கிணறு போல. அதே வாரம், அதே வால்வ் நிலை, முடிந்தவரை அதே வோல்டேஜ். 5 சதவீதத்துக்கு மேல் வோல்டேஜ் மாறியிருந்தால் இன்னொரு நாள் போய் எடுங்கள்.

ஸ்டாரை மட்டும் நம்பினால்

ஆற்றல் திறன் பணியகத்தின் ஸ்டார் முத்திரை, இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் திறனோடு ஒப்பிட்டுத் தரப்படுவது. ஐந்து ஸ்டார் என்றால் அதைவிட 1.2 மடங்கோ அதற்கு மேலோ. ஆனால் அந்தத் திறன் பம்புக்கு உரிய ஹெட்டில் கிடைப்பது. 60 மீட்டருக்குச் செய்த பம்பை 25 மீட்டர் கிணற்றில் இறக்கினால் அது தன் செயல்திறன் வளைகோட்டின் ஓரத்தில் ஓடும்: தண்ணீர் கொட்டும், திறன் விழும், மோட்டார் மேல் பளு ஏறும். கோடையில் மட்டம் இறங்குமே என்று விவசாயி பெரிய ஹெட்டைக் கேட்பது நியாயம்தான். அதற்காக ஊர் முழுக்க ஒரே மாடலை வாங்கிவிடக் கூடாது. டெண்டர் போடும் முன் மாதிரிக் கிணறுகளின் கோடை மட்டத்தையும் மழைக்கால மட்டத்தையும் கொடுத்து, மூன்று நான்கு ஹெட் வகைகளாகப் பிரித்து வாங்கச் சொல்லுங்கள். இந்த ஒரு தாள் பின்னால் வரும் எந்த அறிக்கையையும் விடப் பயனுள்ளது.

எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்து புதியது வாங்குபவரைத் தனியாகப் பிரியுங்கள். அவர் திட்டம் இல்லாவிட்டாலும் ஒன்று வாங்கியிருப்பார், அல்லது காயில் கட்டியிருப்பார். அவருக்கு ஒப்பீடு, கடையில் அந்த விலைக்குக் கிடைக்கும் சாதாரண மோட்டார். எரிந்த பழையதை ஒப்பிட்டால் சேமிப்பு ஊதிப் போகும்.

கழற்றிய மோட்டாரின் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து, பம்பு உடலில் ஓட்டை போட்ட பிறகே காயலான் கடைக்கு விடச் சொல்லுங்கள். முழுதாக விட்டால் அது பக்கத்துத் தோட்டத்தில் இரண்டாவது கிணற்றில் ஓடும். அங்கே சேமிப்புக்குப் பதில் புதிய சுமைதான்.

எண்களைச் சரிபார்த்தல்

ஷீட் வந்ததும் நான்கைப் பாருங்கள். பழைய சிறு மோட்டாரில் திறன் 55 சதவீதத்தைத் தாண்டினால் ஹெட்டோ தண்ணீரோ தவறு. 5 எச்.பி. என்று எழுதி 7 கிலோவாட் இழுத்தால் அது 5 எச்.பி. அல்ல. மூன்று முறை அளந்த தண்ணீரும் கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருந்தால் ஒருமுறைதான் அளந்திருக்கிறார்கள். ஒரே சர்வீஸ் எண் இரண்டு முறை வந்தால், ஒரு இணைப்பில் இரண்டு கிணறா, நகல் பதிவா என்று கேளுங்கள். சந்தேகமான வரியை அழிக்காதீர்கள். பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுதி, அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் கணக்கிடுங்கள்.

ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து வரும் மின்பாதை) மீட்டரை வைத்துச் சரிபார்க்கலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். ஒரு ஃபீடரில் பத்தில் ஒரு பங்கு பம்பு மாறியிருந்தால் மொத்தத்தில் மிச்சம் இரண்டு மூன்று சதவீதம்தான். ஒரு நல்ல மழை அதைவிட அதிகம் அசைத்துவிடும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் அநேகமாக எல்லாப் பம்பும் மாறியிருந்தால் மட்டும் அதன் மீட்டர் பேசும்.

கிணற்றடியில் மிச்சமான யூனிட்டையும், லைன் இழப்பைச் சேர்த்து துணைமின் நிலையத்தில் மிச்சமான யூனிட்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். கார்பன் கணக்குக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்ணை, எந்த ஆண்டுடையது என்ற குறிப்போடு போட்டால் போதும். உச்ச நேரச் சுமை குறைந்தது என்று எழுதும் முன், அந்த ஃபீடருக்கு மூன்று ஃபேஸ் உச்ச நேரத்தில் விடப்படுகிறதா என்று பதிவேட்டைப் பாருங்கள். விடவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஒரு வருஷம் கழித்து அதே மாதத்தில், அதே மாதிரிக் கிணறுகளில் மூன்றில் ஒரு பங்குக்காவது திரும்பப் போங்கள். மோட்டார் எரிந்து உள்ளூரில் காயில் கட்டியவை எத்தனை, பழைய பம்பையே திரும்ப இறக்கியவை எத்தனை, மணல் அரித்துத் தண்ணீர் குறைந்தவை எத்தனை என்று எண்ணி, முதல் வருஷச் சேமிப்பிலிருந்து கழித்து இரண்டாம் வருஷ எண்ணை வெளியிடுங்கள்.