தென்னாப்பிரிக்காவில் கருக்கலைப்பு: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

டர்பனில் நான்கைந்து தலைமுறையாக இருக்கிற குடும்பமானாலும் சரி, வேலைக்காகச் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அண்மையில் ஜோகன்னஸ்பர்க் வந்த குடும்பமானாலும் சரி, கருக்கலைப்பு என்று பேச்சு வந்தால் முதலில் எழும் கேள்வி "யாரிடம் சம்மதம் வாங்கணும்?" என்பதுதான். இந்த நாட்டுச் சட்டம் இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறது: கர்ப்பமாக இருக்கிற பெண்ணின் சம்மதம் போதும். கணவன், அப்பா, மாமியார் யாருடைய கையெழுத்தும் வேண்டாம். நினைவிழந்த நிலையில் இருப்பவர், கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர் ஆகியோருக்கு மட்டும் தனி விதி உண்டு. நான் பார்த்தவரை மற்ற தவறுகளில் பாதி, இந்தப் பதிலை நம்பாததால் வருபவை.

1913இல் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று நீதிபதி சேர்ல் தீர்ப்புச் சொன்னபோது, டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து தமிழ்ப் பெண்கள் அதை எதிர்த்துத் தடையை மீறி எல்லை தாண்டி நடந்தார்கள், சிறைக்கும் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை அப்படிப் போய் உயிரையே விட்டவள். அந்த வழியில் வந்தவர்கள் இன்று கிளினிக் வாசலில் கணவனின் கையெழுத்துக்காகக் காத்து நிற்பது எனக்கு விளங்குவதேயில்லை.

ஊர்ச் சட்டத்தை இங்கே கொண்டுவருவது

புதிதாக வந்தவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. இந்தியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி டாக்டரின் கருத்துதான் முக்கியம். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் காப்பாளர் எழுதித் தர வேண்டும். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிப் பயந்து போகிறார்கள்.

இங்கே 1996இல் நிறைவேறிய சட்டம் 1997 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 12 வாரம் வரை பெண் கேட்டால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. 13ஆம் வாரத்திலிருந்து 20ஆம் வாரம் வரை டாக்டர் அவளோடு பேசி, சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று பொருந்துகிறது என்று கருத வேண்டும்: அவள் உடலுக்கோ மனதுக்கோ கேடு, கருவில் கடுமையான குறைபாடு, வல்லுறவு அல்லது நெருங்கிய ரத்த உறவால் வந்த கர்ப்பம், கர்ப்பம் தொடர்ந்தால் அவள் வாழ்க்கைநிலையோ வருமானமோ பெரிதும் பாதிக்கப்படுவது. வல்லுறவை நிரூபிக்க நீதிமன்றச் சான்று கேட்டது பழைய சட்டம். 20 வாரத்துக்குப் பிறகு உயிருக்கு ஆபத்து, கருவில் கடுமையான கோளாறு போன்ற நிலைகளில் மட்டும்தான், அதுவும் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரையோ பேறுகால நர்ஸையோ கலந்து முடிவு செய்த பிறகுதான்.

பழைய சட்டம் என்றது 1975ஆம் ஆண்டுச் சட்டத்தை. அதன்படி பல டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேருக்குத்தான் அனுமதி கிடைத்தது. கிடைத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைப் பெண்கள். மற்றவர்கள் யார் யாரிடமோ போனார்கள். 1994இல் நடந்த ஆய்வொன்றின் மதிப்பீட்டில், அரைகுறையாகக் கலைந்த நிலையில் அரசு மருத்துவமனைகளுக்கு ஆண்டுக்கு 44,000க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள், அவர்களில் 425 பேர் இறந்தார்கள். புதிய சட்டம் வந்த சில ஆண்டுகளில் இந்தச் சாவுகள் 91 சதவீதம் குறைந்தன. "சட்டம் வந்ததால்தான் பெண்கள் கெட்டுப்போனார்கள்" என்று கல்யாண வீட்டில் யாராவது சொன்னால், இந்த எண்ணை நினைவில் வைத்திருப்பது நல்லது.

நாள் கணக்கு

சட்டம் வாரத்தை எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. உறவு கொண்ட நாளிலிருந்தும் இல்லை, தீட்டு தள்ளிப்போன நாளிலிருந்தும் இல்லை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஆகஸ்ட் 20 அன்று கடைசியாக விலக்கானாள் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் நடுவில் வர வேண்டியது வரவில்லை. அக்டோபர் 1 அன்று மருந்துக்கடையில் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்க்கிறாள். "இரண்டு வாரம்தானே தள்ளியிருக்கு" என்பது அவள் கணக்கு. சட்டத்தின் கணக்கில் அன்றே ஆறு வாரம். நம் வீடுகளில் அது புரட்டாசி விரத காலம். விரதம் முடியட்டும் என்று அக்டோபர் நடுவரை போனால் எட்டு வாரம். அப்புறம் தீபாவளி, வீடு நிறைய விருந்தாளி. நவம்பர் 12 அன்று 12 வாரம் முடிந்துவிடும். அதற்குள் இடம் கண்டுபிடித்து, தேதி வாங்கி, ஸ்கேனும் பார்த்திருக்க வேண்டும்.

நாள் தள்ளத் தள்ள முறையும் மாறும். தொடக்க வாரங்களில் மாத்திரையே போதும்: முதலில் மிபெப்ரிஸ்டோன், ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். பிந்தினால் உறிஞ்சி எடுக்கும் முறை, அதற்கும் பிந்தினால் மருத்துவமனையில் தங்க வேண்டிய சிகிச்சை. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் மனக்கணக்கை நம்பாமல் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே சரி.

பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளு என்று பாட்டி வைத்தியத்தில் இரண்டு வாரத்தைக் கரைப்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றால் கரு கலையாது, வாரம்தான் கூடும்.

விளக்குக் கம்பத்து நம்பர்

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி, டாக்ஸி ஸ்டாண்டுச் சுவர் எல்லாவற்றிலும் அந்தத் துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும்: வலியில்லாமல், உடனடியாக, மலிவாக. ஒரு செல்போன் நம்பர் மட்டும் போட்டிருக்கும், முகவரி இருக்காது. அங்கே கிடைப்பது என்ன மாத்திரை, எத்தனை, உங்கள் வாரத்துக்கு அது பொருந்துமா, எதுவும் தெரியாது. கர்ப்பம் கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்யாது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

படித்த, கார் வைத்திருக்கிற வீட்டுப் பெண்களும் அந்த நம்பரைக் கூப்பிடுவது வெட்கத்தால்தான். டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ கிளினிக்குக்குப் போனால் வரிசையில் யாராவது தெரிந்தவர் இருப்பார் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதே. அதற்கு வழி, வேறு பகுதி மருத்துவமனைக்குப் போவது. அவள் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டப்படி அரசு இடங்களில் இது இலவசம். எல்லா கிளினிக்கிலும் செய்வதில்லை, ஆனால் எங்கே போக வேண்டும் என்று எழுதித் தருவார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்களும் 12 வாரம் வரை செய்யலாம் என்று 2008இல் திருத்தம் வந்திருக்கிறது, டாக்டருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

தனியார் இடத்துக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவச் செலவுக் காப்பீடு. அப்பா பெயரில் உள்ள மெடிக்கல் எய்டில் பில் போட்டால், ஸ்டேட்மென்ட் அப்பாவின் ஈமெயிலுக்குப் போய்விடக்கூடும். ரகசியம் முக்கியமென்றால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் கேட்பதை எல்லாம் சட்டம் என்று நம்புவது

"அம்மாவைக் கூட்டிட்டு வா" என்பார்கள். 18 வயது ஆகாத பெண்ணிடம் பெற்றோரிடமோ உறவினரிடமோ நண்பரிடமோ பேசும்படி ஆலோசனை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் பேச விரும்பவில்லை என்பதற்காக மறுக்க முடியாது. இதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2004இல் தோற்றது. கவுன்சலிங்கும் கட்டாயம் இல்லை, விரும்பினால் உண்டு.

மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று நர்ஸ் ஒதுங்கிக்கொள்ளலாம். அது அவர் உரிமை. ஆனால் இந்தச் சட்டத்தில் வந்த பெண்ணுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அவளிடம் சொல்லியே ஆக வேண்டும். திட்டி அனுப்புவது மனசாட்சியில் சேராது. சட்டப்படியான கருக்கலைப்பைத் தடுப்பவருக்கு 10 ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது.

"கலைச்சிடு" என்று முடிவு கட்டுவது

இதைத் தவறு என்றே நாம் எண்ணுவதில்லை. பையனின் வீட்டார் வந்து பேசி, பணம் கொடுத்து, பெண்ணை காரில் ஏற்றிக் கூட்டிப்போவதைப் "பிரச்சினையை முடித்துவிட்டோம்" என்கிறோம். அவள் மனம் ஒப்பாமல் செய்தால் அதுவும் சட்டத்துக்கு எதிரானதே. தேர்வு அவளுடையது என்றால் பெற்றுக்கொள்வதும் அதில் அடங்கும். பெண்ணுரிமை பேசும் நம் ஆட்களில் சிலர் இந்த இடத்தில் மட்டும் சத்தம் குறைத்துக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன்.

படிப்பு போய்விடும் என்று சொல்லி அவளை நெருக்குவார்கள். கர்ப்பிணி மாணவிகளை வெளியே அனுப்பும் பள்ளி விதிகள் அரசியலமைப்பின் உரிமைகளை மீறுகின்றன என்று 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது. கர்ப்பத்துக்காக வேலையிலிருந்து நீக்குவதும் 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி அநியாய நீக்கம்.

முடிந்த பிறகு

பெரிய பேட் இரண்டு ஒரே மணி நேரத்தில் நனைந்து, அடுத்த மணியும் அப்படியே போனால், அல்லது காய்ச்சல் விடாமல் இருந்தால், எங்கே கலைத்திருந்தாலும் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு.

முறையாகச் செய்தாலும் மலடாகிவிடுவாள் என்பது வெறும் பேச்சு. சொல்லப்போனால் இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கரு தங்க வாய்ப்பு உண்டு. அடுத்த மாதவிலக்கு வரட்டும் என்று கருத்தடையைத் தள்ளிப்போட வேண்டாம். மாத்திரை, ஊசி எல்லாம் உடனே தொடங்கலாம், உறிஞ்சி எடுத்த அன்றே லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் அவசரக் கருத்தடை மாத்திரை வேறு, கலைக்கும் மாத்திரை வேறு. முன்னது உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கரு தங்கிய பிறகு அதை விழுங்கிப் பயனில்லை.