குதிரைக்குட்டிக்குப் பால் மறக்கடிக்கும்போது: மாட்டுக்காரர்கள் செய்யும் தவறுகள்

நாலு மாதம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, பிரிப்பதற்கு முன்பே அது தானாகப் புல்லும் தீவனமும் தின்னப் பழகியிருக்க வேண்டும், தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். இதெல்லாம் குதிரையை விற்றவரே சொல்லியிருப்பார். அவர் சொல்லாமல் விடுகிற சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் எழுதுகிறேன்.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆட்களுக்கு மாடு புதிதல்ல. லயத்து வீடுகளுக்குப் பின்னால் கொட்டகை, செம்பனைக்கு நடுவே மேய்ச்சல், விடிந்ததும் வீடு வீடாகப் பால் என்று வளர்ந்தவர்கள். 2024 அக்டோபரில் சிங்கப்பூர் கிராஞ்சியில் குதிரைப் பந்தயம் நின்றுபோன பிறகு, ஓய்வுபெற்ற குதிரை ஒன்றை வாங்கிக் கட்டுவோமா என்ற பேச்சு இங்கேயும் கூடியிருக்கிறது. அதற்கு முன்பே பெட்டைக் குதிரை வாங்கிக் குட்டி பார்த்தவர்களும் உண்டு. சந்தோஷம்தான். ஆனால் பால் மறக்கடிக்கும் நேரம் வந்ததும் ஆளாளுக்கு மாட்டுக் கணக்குப் போடுகிறார்கள். லாயத்தில் நாங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்து.

மடியைக் கறந்துவிடுவது

குட்டியைப் பிரித்த மறுநாளே தாயின் மடி இறுகிப் பளபளவென்று நிற்கும். தொட்டால் காலைத் தூக்கும். மாடு கறந்து பழகிய கைக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "பாவம்ண்ணே, பால் கட்டிக்கிட்டு நிக்குது. கொஞ்சம் கறந்துவிட்டா பாரம் குறையும்ல?" குறையும். சாயங்காலத்துக்குள் மறுபடி ஏறிவிடும்.

பால் தேங்கி மடியில் அழுத்தம் கூடினால்தான் சுரப்பு நிற்கும். அந்த அழுத்தத்தில் சுரக்கும் செல்கள் மெல்ல ஓய்ந்துவிடும், தேங்கிய பாலை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் கறந்தால் குட்டி இன்னும் குடிக்கிறது என்று உடம்பு எடுத்துக்கொண்டு மறுபடி சுரக்கும். நாலு நாளில் முடிய வேண்டிய வலியை நாமே வாரக்கணக்கில் இழுத்துவிடுகிறோம். காம்பில் பிசுபிசுவென்று பால் ஒட்டியிருக்க, ஈயும் கிருமியும் சேர, மடிநோய்க்கும் வழி திறந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர். மாட்டு வைத்தியம் என்றால் அவரைக் கேட்காமல் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். குட்டியைப் பிரித்த அன்றிலிருந்து காலை மாலை இரண்டு வேளையும் கறந்தார், சுடுதண்ணீர் ஒத்தடம் வேறு. "ஐயா, கறக்காதீங்க, நாலு நாள் அப்படியே விடுங்க" என்றேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நான் கறக்கிறேன் தம்பி" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? மூன்றாவது வாரம் இடப்பக்க மடி கொதித்தது. குதிரை பின்னங்காலை எடுத்துவைக்கவே யோசித்தது. காம்பிலிருந்து தண்ணீராக வந்த பாலில் திரிதிரியாகக் கட்டி. ஈப்போவிலிருந்து மருத்துவர் வந்து ஊசி போட்டுத்தான் தேறியது. அந்தச் செலவுக்குக் குட்டியின் தீவனமே மூட்டை மூட்டையாக வாங்கியிருக்கலாம். பெரியவர் இன்றைக்கும், "அன்னைக்கே இன்னும் நல்லா ஒட்டக் கறந்திருக்கணும்" என்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கறக்காமல் என்ன செய்வது? காலையும் மாலையும் புறங்கையை மடியில் வைத்துப் பாருங்கள். குதிரைக்கு இரண்டு காம்புதான், இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருக்கிறதா என்று ஒப்பிடுவது சுலபம். மடிக்கு முன்னால் வயிற்றுப் பக்கம் லேசாக வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். கொட்டிலில் அடைக்காமல் நடக்க விட்டால் வீக்கம் வடியும். தேய்ப்பதும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம், இரண்டுமே பாலை இறக்கிவிடும். ஒரு வாரத்தில் மடி தளரத் தொடங்கும்.

ஒரு பக்கம் மட்டும் சூடாகி, தீனியும் குறைந்து, உடல் வெப்பம் 38.5 டிகிரியைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மடிநோய் என்று உறுதியானால் அவரே கறக்கச் சொல்லலாம். அது வைத்தியம், அவர் பார்வையில் நடப்பது.

குட்டியைப் பிரித்த பிறகு தாயின் தீவனத்தைக் குறைப்பது

பிரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே குறைக்க வேண்டும். பெல்லட்டை, அதாவது குச்சித் தீவனத்தை, நிறுத்திவிட்டுக் காய்ந்த புல் மட்டும் கொடுங்கள். தண்ணீரில் கை வைக்காதீர்கள். தண்ணீரைக் குறைத்தால் பால் வற்றும் என்று தொட்டியைக் கவிழ்க்கிறவர்கள் உண்டு. குதிரைக்குக் குடலில் தீனி அடைத்து வயிற்றுவலி வந்தால் மாட்டுக்கு மந்தம் தட்டுவது போல லேசில் போகாது.

குட்டிக்குத் தவிடும் நேப்பியர் புல்லும்

செம்பனை ஓரத்தில் இலவசமாக வளர்கிற புல், மில்லில் மலிவாகக் கிடைக்கிற தவிடு. மாடு இரண்டையும் தின்று கொழுக்கும். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேர விடாது. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பைப் பிடுங்கும். முகவெலும்பு இருபக்கமும் புடைக்கும், நடை நொண்டும். வளரும் குட்டியும், இவ்வளவு நாள் பால் கொடுத்த தாயும்தான் முதலில் அடிபடும். குட்டிகளுக்கென்றே வரும் பெல்லட், முடிந்தால் லூசர்ன் (குதிரைமசால்) காய்ந்த புல், தாதுக் கலவை என்று கொடுங்கள். காசு ஆகும்தான்.

மாடு, கோழித் தீவனம்

அதில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால் குதிரையின் இதயம் போய்விடும். மூட்டையே லாயத்துக்குள் வரக் கூடாது.

முள்கம்பி வேலி

கழற்றுங்கள்.

காயடிப்பு, தடுப்பூசி, லாரிப் பயணம்

குட்டியைப் பிரிக்கிற அதே வாரத்தில் இதில் எதுவும் வேண்டாம்.

"ஒரே ஒரு தடவை பார்க்கட்டுமே"

குட்டி கத்தும். தாய் பதில் கொடுக்கும். இரண்டு மூன்று நாள் அக்கம்பக்கத்தில் யாரும் தூங்க முடியாது. வீட்டில் யாராவது ஒருவர் மனசு கேட்காமல் கதவைத் திறந்துவிடுவார். குட்டி நேராக மடிக்குத்தான் போகும், வற்றிக்கொண்டிருந்த பால் மறுபடி இறங்கும், எல்லாம் முதலிலிருந்து. தாயைச் சத்தம் கேட்காத தூரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். குட்டியைப் பழகிய இடத்திலேயே விட்டு, சாதுவான வயசான குதிரை ஒன்றைத் துணைக்குக் கட்டுங்கள். குதிரை இல்லையென்றால் ஆடும் பரவாயில்லை.

மடி சுருங்கித் தோல் தளர்ந்த பிறகு தாய்க்குத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். விலா எலும்பு தெரிகிறதா, அடுத்த சினை பிடித்திருக்கிறதா என்று பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். சினை என்றால் கடைசி மூன்று மாதம்தான் வயிற்றுக் குட்டி வேகமாக வளரும், அப்போது கூடுதலாகவே கொடுக்க வேண்டும்.