ஸ்லிம் லேப்டாப்பா? ரேமில் கஞ்சம் பிடிக்காதீர்கள்

ஸ்லிம் லேப்டாப் வாங்கினால் 16 ஜிபி ரேம் (வேலை ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) உள்ளதாகவே எடுங்கள். காசு இடித்தால் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியில் குறைத்துக்கொள்ளலாம். தடிமனைக் குறைக்க இவற்றில் பெரும்பாலும் ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், பிறகு கூட்ட வழியில்லை. எஸ்எஸ்டி பல மாடல்களில் அடிமூடியைக் கழற்றினால் சூயிங்கம் பட்டை மாதிரி தனியாக இருக்கும், 256 ஜிபியைப் பின்னால் 512 ஆக்கலாம். ஆப்பிளின் இப்போதைய மேக்புக் ஏரில் இந்தக் கணக்கு செல்லாது. அதில் இரண்டையுமே மாற்ற முடியாது.

பாலக்காட்டிலிருந்து கோவைக்குத் தினமும் ரயிலில் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு 1.3 கிலோ ஸ்லிம் லேப்டாப் என்பது வரம். வாளையார் லாரி ஆபீஸ் மேசையிலேயே கிடக்கப்போகிற லேப்டாப் என்றால் ஸ்லிம் எதற்கு? ரேம் ஸ்லாட் உள்ள தடி மாடலை 8 ஜிபியோடு வாங்கி, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம்.