விடுதலைன்னா எந்த விடுதலை? ஸ்டார் கொலை கேஸ் பத்திப் பேசறப்ப நாம பண்ற தப்புகள்

எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல போன வாரம் ஒரு சண்டை. யாரோ ஒரு பழைய போட்டோ போட்டாங்க, எம்.கே. தியாகராஜ பாகவதர் பட்டு சட்டையில நிக்கிறார். உடனே பெரியப்பா, "டேய், இந்த மனுஷன் லண்டன் வரைக்கும் போய் ஜெயிச்சுட்டு வந்தவர்டா, நிரபராதின்னு பிரிவி கவுன்சிலே சொல்லிடுச்சு"ன்னு டைப் பண்ணார். அத்தை விடல. "ஆமாண்ணா, பெரிய வக்கீல வச்சா எல்லாரும் நிரபராதிதான்." அப்புறம் என்ன, ராத்திரி பதினொன்னு வரைக்கும் போன் கத்திக்கிட்டே இருந்துச்சு.

ரெண்டு பேர் சொன்னதுலயும் தப்பு இருக்கு. ஆனா அது அவங்க தப்பு மட்டும் இல்ல, எந்த ஸ்டார் மாட்டின கொலை கேஸா இருந்தாலும் நாம எல்லாரும் இதேதான் பண்றோம், கோர்ட் ஒரு சின்ன கேள்விக்கு பதில் சொல்லியிருக்கும், நாம அதை ஒரு பெரிய கேள்விக்கான பதிலா எடுத்துக்கிட்டு வருஷக்கணக்கா சண்டை போடுவோம்.

முதல்ல அந்த லண்டன் மேட்டரையே பாத்துடலாம். லட்சுமிகாந்தன்னு ஒரு பத்திரிகைக்காரர், சினிமாக்காரங்க அந்தரங்கத்தை எழுதியே பேர் வாங்கினவர். 1944 நவம்பர் 8ஆம் தேதி மெட்ராஸ் வேப்பேரியில ரிக்‌ஷால போயிட்டு இருக்கறப்ப கத்திக்குத்து, மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில இறந்துட்டார். பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு மூணு பேரும் சதி பண்ணாங்கன்னு கேஸ். நாயுடுவை அந்த விசாரணையிலயே விடுவிச்சுட்டாங்க, மத்த ரெண்டு பேருக்கும் 1945 மே மாசம் ஆயுள் தீவாந்திர தண்டனை. (தீவாந்திரம்னு படிச்சதும் அந்தமானுக்குக் கப்பல் ஏத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க, அந்த மே மாசம் அந்தமானே ஜப்பான்காரன் கையில இருந்துச்சு.) ஹைகோர்ட்ல அப்பீல் போச்சு, தள்ளுபடி. அப்புறம்தான் லண்டன் பிரிவி கவுன்சில், வெள்ளைக்காரன் காலத்துல நமக்கு அதுதான் கடைசி அப்பீல் கோர்ட். அங்க "நிரபராதி"ன்னு யாரும் சொல்லல. மறுபடி விசாரிங்கன்னு கேஸை மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினாங்க, அவ்வளவுதான். 1947 ஏப்ரல்ல விடுவிச்சது மெட்ராஸ் ஹைகோர்ட்தான். லண்டன்ல ஜெயிச்சார்னு சொன்னா கேக்க கெத்தா இருக்கும், நடந்தது அது இல்ல.

இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது, ஒரு கேஸ்ல "தீர்ப்பு"ன்னு நீங்க படிக்கிறது எந்த கோர்ட், என்ன ஆர்டர்னு பாக்காம வாயைத் தொறக்காதீங்க. அப்பீலை ஏத்துக்கிட்டாங்கன்னா ஜெயிச்சதா அர்த்தம் இல்ல, திருப்பி அனுப்பினா விடுவிச்சதா அர்த்தம் இல்ல, ஸ்டே கொடுத்தா கேஸ் முடிஞ்சதா அர்த்தம் இல்ல.

இப்ப நம்ம தமிழ்லயே இருக்கற ஒரு பொறிக்கு வர்றேன். "விடுதலை"ங்கற வார்த்தை. ஜாமீன்ல வெளிய வந்தா "விடுதலை", கோர்ட் குற்றம் நிரூபணமாகலன்னு அனுப்பினா "விடுதலை", தண்டனை முழுசா அனுபவிச்சு வந்தா "விடுதலை", கவர்னர் மன்னிப்பு கொடுத்தா "விடுதலை", பரோல்னாலும் பேப்பர்ல "விடுதலை"தான். மூணு கேஸ் எடுத்துக்கோங்க. 1947ல பாகவதர் வெளிய வந்தது அப்பீல்ல குற்றச்சாட்டே நிக்காம போனதால. மனைவியோட காதலனைச் சுட்டுக் கொன்ன பம்பாய் கடற்படை அதிகாரி நானாவதி 1964ல தப்பிச்சது கவர்னர் விஜயலட்சுமி பண்டிட் கொடுத்த மன்னிப்பால, அதாவது குற்றவாளின்னு சுப்ரீம் கோர்ட் 1961லயே உறுதி பண்ணினதுக்கு அப்புறம். அமெரிக்க ஃபுட்பால் ஸ்டார் ஓ.ஜே. சிம்சன் 2017ல வெளிய வந்தது பரோல்ல, அதுவும் கொலை கேஸே இல்ல அது. மூணுக்கும் தலைப்பு போட்டா ஒரே வார்த்தைதான் வரும். தலைப்பை மட்டும் படிச்சுட்டு ஷேர் பண்றவன் மூணு பேரையும் ஒரே தட்டுல வச்சுடுவான்.

இன்னொரு வார்த்தையும் இருக்கு. நம்ம ஊர் தமிழ் தீர்ப்புகள்ல குற்றம் சாட்டப்பட்டவரை "எதிரி"ன்னுதான் எழுதுவாங்க, முதல் எதிரி, ரெண்டாம் எதிரின்னு. கோர்ட்டுக்கு அது வெறும் நம்பர் மாதிரி. வெளிய இருந்து படிக்கிறவனுக்கு ஜட்ஜே கோவத்துல எழுதின மாதிரி இருக்கும். அதே தீர்ப்போட கடைசி பக்கத்துல "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து"ன்னு வரும். அந்த ஒரு வரியிலதான் எல்லாமே இருக்கு. கொலை பண்ணலன்னு கண்டுபிடிச்சுட்டோம்னு அதுல சொல்லல. பண்ணினார்னு சந்தேகம் இல்லாம நிரூபிக்க போலீஸ் தரப்பால முடியலன்னு சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கடலே இருக்கு. அதுக்காக அத்தை சொன்ன மாதிரி "காசு கொடுத்து வந்தாங்க"ன்னு எடுத்துக்கிட்டா அதுவும் தப்பு, நிரூபிக்க வேண்டிய பாரம் குற்றம் சொன்னவன் மேல, தூக்க முடியலன்னா அது அவன் பாடு.

சிம்சன் கேஸ்ல இது பளிச்சுனு தெரியும். 1994 ஜூன் 12ஆம் தேதி ராத்திரி லாஸ் ஏஞ்சலிஸ்ல அவரோட முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுனும் ரான் கோல்ட்மன்ங்கற 25 வயசு பையனும் குத்திக் கொல்லப்பட்டாங்க. 1995 அக்டோபர் 3ஆம் தேதி ஜூரி, அதாவது தீர்ப்பு சொல்ல உக்கார வச்ச பொதுஜனங்க, "குற்றவாளி இல்லை"ன்னு சொன்னாங்க, அதுவும் எட்டு மாசத்துக்கு மேல நடந்த விசாரணைக்கு நாலு மணி நேரம்கூட யோசிக்காம. சரி, முடிஞ்சுதா? 1997 பிப்ரவரியில சிவில் கேஸ்ல அதே ரெண்டு சாவுக்கும் அவர்தான் பொறுப்புன்னு இன்னொரு ஜூரி சொல்லி 33.5 மில்லியன் டாலர் கட்டச் சொன்னாங்க. நிறைய பேர் இங்கதான் "என்னய்யா கோர்ட் இது, ரெண்டு மாதிரி பேசுது"ன்னு சிரிக்கிறாங்க. ரெண்டு கோர்ட்டும் முரண்படல. கிரிமினல்ல நியாயமான சந்தேகம் துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது, சிவில்ல எந்தப் பக்கம் தராசு கொஞ்சம் சாயுதுன்னு பாத்தா போதும். அதோட சாட்சியமும் ஒன்னு இல்ல. கொலை நடந்த இடத்துல புருனோ மாக்லிங்கற விலை கூடின ஷூவோட தடம் இருந்துச்சு, அந்த மாதிரி ஷூ அவர்கிட்ட இருந்ததை முதல் கேஸ்ல காட்ட முடியல. தீர்ப்புக்கு அப்புறம்தான் அவர் அதே ஷூ போட்டு நிக்கிற போட்டோக்கள் வெளிய வந்துச்சு. முதல் கேஸ்ல அவர் சாட்சிக் கூண்டுல ஏறவே இல்ல, ரெண்டாவதுல ஏறித்தான் ஆகணும்.

கொலைக்காக அவர் ஜெயிலுக்குப் போனார்னு சொல்றவங்களும் இருக்காங்க. இல்ல. 2007ல லாஸ் வேகாஸ் ஹோட்டல் ரூம்ல ஆளுங்களோட புகுந்து பொருளைப் பறிச்ச கேஸ் அது. ஆனா தேதி பாருங்க, குற்றவாளின்னு தீர்ப்பு வந்தது 2008 அக்டோபர் 3, அந்த பழைய தீர்ப்பு வந்து சரியா பதிமூணு வருஷம். இந்த மாதிரி ஒரு தேதி கிடைச்சா போதும், நம்ம ஆளுங்க விதி, கர்மான்னு ஆரம்பிச்சு ஒரு வாரம் ஓட்டிடுவாங்க.

அடுத்து கிளவுஸ். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நிதானமா சொல்றேன். ஒரு லெதர் கிளவுஸ் கொலை நடந்த இடத்துல கிடைச்சது, அதோட ஜோடி சிம்சன் வீட்டுல. 1995 ஜூன் 15, அரசு வக்கீல் கிறிஸ்டபர் டார்டன் எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டச் சொல்றார். சிம்சன் எந்திரிச்சு ஜூரி பக்கமா வந்து இழுக்கறார், இழுக்கறார், கை முழுசா போகல, முகத்தை வேற ஒரு மாதிரி வச்சுக்கிட்டு "டைட்டா இருக்கு"ங்கற மாதிரி கையைத் தூக்கிக் காட்டறார். டிவில பாத்தவனுக்கு கேஸ் அந்த நிமிஷமே முடிஞ்சு போச்சு. அவர் வக்கீல் ஜானி காக்ரன் கடைசி வாதத்துல கை சேரலன்னா விட்டுடணும்னு ரைமிங்கா ஒரு வரி போட்டார், இன்னிக்கு வரைக்கும் அது ஓடுது. ஆனா உள்ள அவர் ஒரு ரப்பர் கிளவுஸ் போட்டிருந்தார், அது மேலதான் லெதரை மாட்டினார். ரத்தத்துல நனைஞ்சு காஞ்ச லெதர் சுருங்கியிருக்கும்னு அரசு தரப்பு சாட்சி சொன்னார். கொஞ்ச நாள் கழிச்சு அதே மாடல்ல புது ஜோடி கொடுத்தாங்க, அது கைக்கு சரியா இருந்துச்சு. அந்த சீன் யாருக்காவது ஞாபகம் இருக்கா? இருக்காது, அதுல டிராமா இல்ல.

அதனால ஒரே ஒரு சீனை வச்சு கேஸை முடிவு பண்ணாதீங்க. "இது போலி ஆதாரம்"னு சொல்றவங்களும் அதே தப்பைத்தான் பண்றாங்க. வீட்டுல கிளவுஸைக் கண்டுபிடிச்ச போலீஸ்காரர் மார்க் ஃபர்மன், கறுப்பினத்தவரைக் (சிம்சனும் கறுப்பினத்தவர்தான்) கேவலமா சொல்ற அந்த வார்த்தையை பத்து வருஷமா பேசவே இல்லன்னு சத்தியம் பண்ணினார், அப்புறம் டேப் வந்து மாட்டிக்கிட்டார், 1996ல பொய் சாட்சி குற்றத்துக்குத் தண்டனையும் வாங்கினார். அவர் பொய் சொன்னது உண்மை. அவர் பொய்யர்ங்கறதால கிளவுஸைக் கொண்டுவந்து போட்டவரும் அவர்தான்னு ஆகிடாது, ஆனா அப்படிப்பட்ட ஆள் சொன்னதை நம்பணுமான்னு ஜூரி சந்தேகப்பட்டா அதுலயும் தப்பு சொல்ல முடியாது. நடுவுல நிக்கிறது கஷ்டம்தான்.

நாம பாத்ததும் ஜூரி பாத்ததும் ஒன்னுன்னு நினைக்கிறது இன்னொரு பெரிய தப்பு. 1994 ஜூன் 17 அன்னிக்கு சிம்சன் உக்காந்திருந்த வெள்ளை ப்ரான்கோ கார் ஹைவேல மெதுவா போக பின்னாடி போலீஸ் வரிசையா போறதை சுமார் 95 மில்லியன் பேர் டிவில பாத்தாங்க. அதை அரசு தரப்பு கோர்ட்ல சாட்சியமா வைக்கவே இல்ல. ஃபர்மன் டேப்பை டிவிக்காரன் மணிக்கணக்கா ஓட்டினான், ஜூரிக்குக் கிடைச்சது ரெண்டு துண்டுதான். ஜூரியை 265 நாள் ஹோட்டல்ல அடைச்சு வச்சிருந்தாங்க, பேப்பர் டிவி எல்லாம் கட்டுப்பாடு. அப்புறம் "அவங்களுக்குக் கண்ணு இல்லையா"ன்னு கேட்டா எப்படி. தீர்ப்பைக் கேட்டு கறுப்பின மக்கள்ல நிறைய பேர் கை தட்டினதை மட்டும் வச்சு முட்டாள்தனம்னு எழுதறதும் அரைகுறைதான், அதே ஊர்ல 1992ல ராட்னி கிங்ங்கற கறுப்பினத்தவரை அடிச்ச போலீஸ்காரங்க வீடியோ ஆதாரம் இருந்தும் தப்பிச்சாங்க, அந்தக் கணக்கு அவங்க மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு.

நானாவதி கேஸ் பத்தி நானே ரொம்ப நாளா ஒரு தப்பை சொல்லிட்டு இருந்தேன், அது இந்தியாவோட கடைசி ஜூரி கேஸ்னு. இல்லவே இல்ல. 1959ல பிரேம் அஹுஜாவை சுட்ட கேஸ்ல ஜூரி 8க்கு 1ன்னு விட்டாங்க, ஜட்ஜ் ஒத்துக்காம ஹைகோர்ட்டுக்கு அனுப்ப அங்க குற்றவாளின்னு ஆச்சு. அதுக்கு அப்புறமும் சில இடங்கள்ல ஜூரி ஓடிட்டுதான் இருந்துச்சு, கிரிமினல் கேஸ்ல முழுசா போனது 1973 சட்டத்தோட. குளிச்சுட்டு வந்த அஹுஜா இடுப்புல இருந்த டவல் அவிழவே இல்ல, கட்டிப்புரண்டு சண்டை நடந்திருந்தா டவல் எப்படி நிக்கும்னு அரசு தரப்பு கேட்டாங்க. நல்ல கேள்வி. ஆனா வெளிய என்ன நடந்துச்சு தெரியுமா, தெருவுல அஹுஜா டவல், நானாவதி பொம்மை துப்பாக்கின்னு வித்துட்டு இருந்தாங்க, 25 பைசா பிளிட்ஸ் பத்திரிகை ரெண்டு ரூபாய்க்குப் போச்சு.

இங்கதான் எனக்குக் கொஞ்சம் கோவம் வரும். இந்த மூணு கேஸ்லயும் செத்தவங்க எங்க? அஹுஜா பெண் பித்தன், லட்சுமிகாந்தன் மஞ்சப் பத்திரிகைக்காரன், "அவனுக்கு வேணும்"னு ஒரு வரியில முடிச்சுடறோம். செத்தவன் எப்படிப்பட்டவன்ங்கறது கொன்னது யாருங்கற கேள்விக்கு ஆதாரமே இல்ல. கோல்ட்மன் பாவம், நிக்கோலோட அம்மா ஹோட்டல்ல மறந்துட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்கத்தான் அந்த வீட்டுக்குப் போனான்.

அப்புறம் "கேஸ்தான் அவங்க வாழ்க்கையை அழிச்சுது"ன்னு மொத்தமா சொல்றது. பாகவதருக்கு ஓரளவு சரி. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் அவர் உள்ள இருக்கறப்பவும் ஓடி மூணு தீபாவளி கண்டுச்சு, வெளிய வந்து அவர் நடிச்ச படங்கள் எதுவும் அந்தப் பக்கம்கூடப் போகல, 1959ல போய்ச் சேர்ந்துட்டார். ஆனா அதே கேஸ், அதே தண்டனை, அதே ஜெயில், என்.எஸ்.கே. வெளிய வந்து படம் எடுத்தார், மணமகள் டைரக்ட் பண்ணார், ஜனங்களை சிரிக்க வச்சுக்கிட்டே இருந்தார். ஒரே காரணம்னா ரெண்டு பேருக்கும் ஒரே முடிவுல வந்திருக்கணுமே. பாட்டுக்காகவே படம் பாக்கற காலமும் கூடவே மாறிப்போச்சுன்னு நான் நினைக்கிறேன், பெரியப்பா ஒத்துக்க மாட்டார்.

இதையெல்லாம் நாலு மெசேஜா பிரிச்சு குரூப்ல போட்டேன். ரெண்டு பேரும் அரை மணி நேரம் சத்தம் இல்ல. அப்புறம் அத்தை மட்டும், "அதெல்லாம் சரிடா, அப்ப சதி பண்ணினது யாரு?"ன்னு கேட்டாங்க.

"அந்தக் கேள்வியை 1947ல யாரும் கோர்ட்கிட்ட கேக்கல அத்தை, இவங்க ரெண்டு பேர் மேல நிரூபிச்சாச்சான்னு மட்டும்தான் கேட்டாங்க"ன்னு டைப் பண்ணேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பெரியப்பா பதிலே போடல, பாகவதர் பாட்டு ஒன்னை ஆடியோவா அனுப்பிட்டு குட் நைட் போட்டுட்டார்.