மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும் முன்

மண் அரித்துப் போகாமலிருக்கச் சரிவில் மேலிருந்து கீழாக உழக் கூடாது, நிலத்தை மொட்டையாக விடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாக நிலத்தில் இறங்குபவர்கள், நாங்கள் தொடக்கத்தில் அடித்த கூத்துகளையே திரும்ப அடிப்பதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மேல்மண்ணைப் பிரிக்காமல் சமன்செய்வது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். பொக்லைன் வருகிறது, மேட்டை வழித்துப் பள்ளத்தில் தள்ளுகிறது, சாயங்காலத்துக்குள் நிலம் நூல் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. உரிமையாளருக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் முதலில் வழிக்கப்பட்டது மேல்மண். அது பள்ளத்தின் அடியில் போய்ப் புதைந்துவிட்டது. இப்போது மேலே கிடப்பது மேட்டின் அடியிலிருந்த சரளையும் உக்கிய பாறையும்.

ஒருவர் அந்த உக்கலை ஒரு பிடி அள்ளிப் பிசைந்து, “கையிலேயே உதிருதே, இதுவும் மண்ணுதானே?” என்றார். உதிர்ந்தது உண்மைதான். உடையாத ஒரு துண்டை எடுத்து உற்றுப் பார்க்கச் சொன்னேன். கருங்கல்லின் புள்ளிகள் இடம் மாறாமல் அப்படியே இருந்தன. வெள்ளைப் புள்ளியான ஃபெல்ஸ்பார் நகம் பட்டதும் மாவாக உதிர்ந்தது, கறுப்பு மைக்கா துருவேறிப் பழுப்பாகியிருந்தது, குவார்ட்ஸ் மணிகள் மட்டும் அசையவில்லை. மழைநீரில் கரையும் கரியமில வாயு மெல்லிய அமிலமாகி ஃபெல்ஸ்பாரைக் களியாக்கும், குவார்ட்ஸ் மணலாக மிஞ்சும். அந்த வேலை இங்கே பாதியில் நிற்கிறது. மட்கு கிடையாது, தழைச்சத்து பேருக்குத்தான், மண்புழுவுக்கு அங்கே வேலையே இல்லை. அடுத்த பருவத்தில் பயிர் மஞ்சளித்தபோது அவர் விதையைக் குறை சொன்னார்.

ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகவே பெரும்பாலும் சில நூறு ஆண்டுகள் பிடிக்கும். பாறையும் தட்பவெப்பமும் ஒத்துழைக்காவிட்டால் ஆயிரத்தையும் தாண்டும். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மண் என்பது 10 கன மீட்டர், ஏறக்குறைய 13 டன். பொக்லைன் 20 செ.மீ. வழித்தால் 2,600 டன். எந்த மழையும் ஒரே நாளில் அவ்வளவு கொண்டுபோகாது.

முதலில் மண்வெட்டியால் நாலைந்து இடத்தில் குழி எடுத்து, நிறம் எந்த ஆழத்தில் மாறுகிறது என்று பாருங்கள். அதுவரை உள்ள மண்ணைத் தனியே வழித்து ஓரமாகக் குவிக்க வேண்டும். அப்புறம் அடிமண்ணில் மட்டும் மேடுபள்ளத்தைச் சரிசெய்து, குவித்ததைத் திரும்பப் பரப்ப வேண்டும். மண் ஈரமாக இருந்தால் வண்டியை இறக்கவே வேண்டாம், இறுகிப் போகும். வாடகை கூடத்தான் செய்யும். ஓட்டுபவரின் பக்கத்திலேயே நில்லுங்கள்; டீ குடிக்கப் போனால் அவர் சுலபமான வழியில்தான் தள்ளுவார். சரிவு லேசானதுதான் என்றால் சமன்செய்வதே வீண்செலவு, சமமட்ட வரப்பு, அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் வரப்பு போதும்.

கண்ணளவில் வரப்பு

டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் உயரம் பார்ப்பது) இல்லாமல் வரப்புக்குக் கயிறு கட்டாதீர்கள்.

கல்தூள் போட்டால் மண் ஆகிவிடும் என்று நம்புவது

ஆகாது.

எல்லாக் கல்லையும் பொறுக்குவது

பெரிய மழைத்துளி விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மேலே கிடக்கும் சிறு கற்கள் அந்த அடியை வாங்கிக்கொள்ளும், ஈரத்தையும் காக்கும். கலப்பையில் மாட்டுபவற்றை மட்டும் எடுங்கள், மீதி கிடக்கட்டும்.

வழிந்தோடி இல்லாத வரப்பு

வரப்பு தேக்கும், சரி. தேங்கியது நிரம்பினால் எங்கே போகும்? இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தில் உடைத்துக்கொண்டு மொத்தமாகப் பாயும். வரப்பே இல்லாமல் பரவலாக ஓடியிருந்தால்கூட அவ்வளவு பள்ளம் பறித்திருக்காது. ஒவ்வொரு வரப்பிலும் வழிந்தோடி, அதாவது மிஞ்சும் தண்ணீர் வெளியேற ஒரு வாய் விடுங்கள்; அதில் தண்ணீர் வழியும் மட்டம் வரப்பின் உச்சியைவிடத் தாழ்வாக இருக்கட்டும். தண்ணீர் விழும் இடத்தில் கல் பாவுங்கள். நிலத்தில் பொறுக்கிய கற்களே அதற்குப் போதும்.