ஒரே சமக்குறி, இரண்டு வேலைகள்: பைத்தானிலும் ராக்குவிலும் செய்து பார்ப்போம்

நிரல் எழுதப் பழகும் முதல் நாளே '=' குறி வந்துவிடும். அது என்ன செய்கிறது என்பது மட்டும் மொழிக்கு மொழி மாறும். சி மொழியில் ஒரு முழு எண் மாறி என்றால் நினைவகத்தில் அதற்கென ஓர் இடம் உண்டு. சமக்குறி அந்த இடத்தில் மதிப்பை எழுதுகிறது. இது மதிப்பிருத்தல். பைத்தானில் மாறி வெறும் பெயர்தான். சமக்குறி அந்தப் பெயரை ஏற்கனவே இருக்கும் ஒரு பொருளோடு கட்டிவிடுகிறது. இது பிணைத்தல்.

பைத்தான் 3-ஐத் திறந்துகொள்ளுங்கள். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

படி 1: ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர்

```
>>> அ = [10, 20, 30]
>>> ஆ = அ
>>> ஆ[0] = 99
>>> அ
[99, 20, 30]
```

'அ'வைத் தொடவே இல்லை, ஆனாலும் மாறிவிட்டது. இரண்டாம் வரியில் பட்டியல் நகலாகவில்லை. அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். நகல் வேண்டுமென்றால் `ஆ = அ[:]` என்று எழுத வேண்டும்.

படி 2: பெயரை மட்டும் நகர்த்துவது

```
>>> ஆ = அ
>>> ஆ = ஆ + [40]
>>> அ
[99, 20, 30]
```

கூட்டல் ஒரு புதிய பட்டியலை உருவாக்கியது. 'ஆ' அதற்குப் போய்விட்டது. 'அ' பழைய இடத்திலேயே நிற்கிறது. அப்புறம் இதையும் தட்டிப் பாருங்கள்:

```
>>> ஆ = அ
>>> ஆ += [40]
>>> அ
[99, 20, 30, 40]
```

`+=` என்பது `ஆ = ஆ + [40]` என்று எழுதுவதன் சுருக்கெழுத்து என்றுதான் பலரும் சொல்லித் தருகிறார்கள். பட்டியலைப் பொறுத்தவரை அது தவறு. அது இருக்கும் பட்டியலையே நீட்டுகிறது. எண்களை நீட்ட முடியாது, அதனால் அங்கே புதிய மதிப்புதான் வரும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பட்டியலை ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது வரும் பிழைகளில் பல இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

படி 3: இரண்டு வேலைக்கும் தனித்தனிக் குறி

பெர்ல் 6 என்ற பெயரில் வளர்ந்து, 2019-இல் பெயர் மாறிய ராக்கு மொழி இதை வெளிப்படையாகப் பிரித்திருக்கிறது. எனக்கு இந்த வடிவமைப்பு மிகவும் பிடிக்கும், எழுதியவரின் எண்ணம் குறியிலேயே தெரிந்துவிடுகிறது. மாறிகளை முதலில் அறிவித்துவிட்டு:

```
$அ = 5;
$ஆ = $அ;
$ஆ = 7;
```

இப்போது `$அ` இன்னும் 5 தான். இரண்டாம் வரியை `$ஆ := $அ;` என்று மாற்றினால் `$அ`வும் 7 ஆகிவிடும். ஆனால் பாஸ்கலில் `:=` என்பது மதிப்பிருத்தல் குறி. குறியைப் பார்த்ததும் முடிவு கட்டாமல், எந்த மொழி என்று பாருங்கள்.

படி 4: ஒரே நேரத்தில் பல மதிப்புகள்

ராக்குவில் ஜங்ஷன் என்று ஒன்று உண்டு. பல மதிப்புகளைச் சேர்த்து ஒரே மதிப்புபோல ஒரு மாறியில் வைப்பது அது.

```
$அ = 1 | 3 | 5;
```

`$அ == 3` என்று கேட்டால் மூன்று மதிப்புகளோடும் ஒப்பிடும்; ஒன்று பொருந்தினாலும் நிபந்தனை மெய். `$அ + 10` என்றால் 11, 13, 15 மூன்றும் சேர்ந்த இன்னொரு ஜங்ஷன் வரும். `|` இருந்த இடத்தில் `&` போட்டால் எல்லா மதிப்பும் பொருந்தியாக வேண்டும்; `$அ > 4` அப்போது பொய்.

ஜங்ஷனைப் பட்டியலாக நினைத்து உள்ளிருக்கும் மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கப் பார்க்காதீர்கள். அது நிபந்தனைகளுக்காக வந்தது. வரிசையோ எண்ணிக்கையோ தேவைப்பட்டால் பட்டியலையே வைத்துக்கொள்ளுங்கள்.