தாமிரபரணிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்ததும் தாமிரபரணியைப் பற்றிக் குறிப்பெழுதவும் வரைபடம் போடவும் புதிதாகப் பலர் கிளம்புகிறார்கள். ஊர்ப் பெயர்ப் பிழையெல்லாம் இரண்டாம் வாசிப்பில் திருந்திவிடும். அப்படித் திருந்தாத, பழைய கைகளும் ஒரு காலத்தில் செய்த பிழைகள் சில உண்டு.

எந்தத் தாமிரபரணி?

இரண்டு இருக்கின்றன. பொதிகையில் பிறந்து புன்னக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்வது ஒன்று. கோதையாறும் பரளியாறும் கூடி, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலைத் தொடுவது மற்றொன்று. இங்கே பேச்சு முதலாவதைப் பற்றி.

அடியைத் தண்ணீராக எண்ணுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்ப வரும் பிழை இது. "சேர்வலாறு 156 அடி, பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, ஆகவே சேர்வலாறுதான் பெரிய அணை" என்று எழுதிவிடுகிறார்கள். கொள்ளளவைப் பாருங்கள். பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் ஏறத்தாழ 5,500 மில்லியன் கன அடி தண்ணீர் நிற்கும். சேர்வலாறில் 1,225 மட்டுமே. அடி என்பது உயரம். பள்ளத்தாக்கு எவ்வளவு அகலம் என்பதை அது சொல்லாது.

ஒரே அணையிலும் அடிக்கு அடி கணக்கு வேறு. அடிமட்டத்தில் பள்ளத்தாக்கு குறுகியிருப்பதால் கொஞ்சம் தண்ணீர் வந்தாலே மட்டம் மளமளவென்று ஏறும். மேலே போகப்போக அதே ஓர் அடிக்குப் பல மடங்கு தண்ணீர் வேண்டும். "ஒரே நாளில் பத்து அடி உயர்ந்தது" என்ற செய்தி 60 அடியில் ஒரு பொருள், 130 அடியில் வேறு பொருள்.

இன்னொரு சிக்கல்: காரையாறிலுள்ள பாபநாசம் அணையும் சேர்வலாறு அணையும் சுரங்கத்தால் இணைந்தவை. பல நாள் சேர்வலாறு எண் சுமார் 13 அடி கூடுதலாகத் தெரியும். அளவு தொடங்கும் இடம் வேறு என்பதால் வரும் வித்தியாசம் அது. இரண்டையும் தனித்தனி மழைக் கணக்காக எழுதினால் ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணியதாகும்.

சரியான வழி வரத்தையும் வெளியேற்றத்தையும் எடுப்பதுதான். செய்தியில் "கன அடி" என்று இருந்தால் விநாடிக்கு என்று படியுங்கள். வரத்து 3,000, வெளியேற்றம் 500 என்றால் மிச்சம் 2,500. அதை 86,400 விநாடியால் பெருக்கினால் ஒரு நாளில் 216 மில்லியன் கன அடி. அணையில் கூடியது இதுதான்.

குறுக்குத்துறையைப் பார்த்து ஸ்ரீவைகுண்டத்துக்குச் சொல்வது

நெல்லையில் ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு மூழ்கியது என்பது அந்த ஊருக்கு நல்ல அளவுகோல். ஆனால் குற்றாலத்துத் தண்ணீரைக் கொண்டுவரும் சிற்றாறு, அதற்கும் கீழே சீவலப்பேரியில்தான் ஆற்றில் சேருகிறது. கோயிலைப் பார்த்தால், இன்னும் கீழே இருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போகும் அந்த வரவு தெரியாது. அணைக்குக் கீழே பெய்யும் மழையும் அப்படித்தான்: 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அது கடலோரம், அந்தத் தண்ணீரைப் பிடிக்க எந்த அணையும் மேலே இல்லை.

தடுப்பணையில் தேக்கம் தேடுவது

மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் தண்ணீரை உயர்த்திக் கால்வாய்க்குத் திருப்புபவை. மிஞ்சியது மேலே வழிந்து போகும். "ஏன் தேக்கவில்லை" என்று கேட்பது வாய்க்கால் மதகைப் பார்த்து ஏன் ஏரியாகவில்லை என்று கேட்பது மாதிரி.

ஆண்டுச் சராசரி

போடாதீர்கள். இங்கே நெல்லுக்குக் கார், பிசானம் என்று இரண்டு பருவங்கள். காரை நடத்துவது தென்மேற்குப் பருவமழை, பிசானத்தை வடகிழக்கு. இரண்டையும் கூட்டி வகுத்தால் எந்த மாதத்துக்கும் பொருந்தாத எண்தான் கிடைக்கும்.

இடது கரை, வலது கரை

தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நில்லுங்கள். அம்பாசமுத்திரம் இடது, கல்லிடைக்குறிச்சி வலது.